ஒன்பது விரல்

நண்டுக் கொம்பனியில் ஏழு வருடம் நண்டுச் சதை எடுத்தவள் படம் திருத்தப் பழகவேண்டும் என்று கேட்டதும், ஸ்ரூடியோ முதலாளி அருட்செல்வன் சிரித்துவிட்டார்.

"அந்தக் கையாலையோ மௌஸ் பிடிக்கப்போறீர்?"

"ஓடு நொறுங்காமல் சதையைத் தனியா எடுக்கிற கை அண்ணை இது. உங்கடை மௌஸுக்கு ஒண்டும் வராது," என்றாள் லவீனா.

யாழ்ப்பாண நகரில், பஸ் நிலையத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய ஸ்ரூடியோ இருந்தது. லவீனாவுக்கு முப்பத்தேழு வயது. ஊர் குருநகர். கணவன் லெனாட் கடலுக்குப் போகிறவன். நண்டுக் கொம்பனி மூடப்பட்ட பிறகு இந்த ஸ்ரூடியோவின் முன்மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பாஸ்போட் படம் வெட்டுவது, அடையாள அட்டைக்கு லமினேற் போடுவது, வந்தவர்களுக்குக் கதிரை காட்டுவது. நாலு மாதம் அதைச் செய்தவள், ஐந்தாம் மாதம் உள்ளறைக்குப் போய், நானும் கொம்பியூட்டரில் படம் திருத்தப் பழகவேண்டும் என்று கேட்டாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

சிரித்தாலும் அவர் மறுக்கவில்லை. உள்ளறையில் படம் திருத்திக்கொண்டிருந்த உடுப்பிட்டிப் பெட்டை ஆரணிக்கு அவுஸ்திரேலியாவில் கலியாணம் பேசியிருந்தது. அவள் போனால் அந்தக் கதிரைக்கு ஆள் வேண்டும்.

ஆரணி லவீனாவைவிடப் பதின்மூன்று வயது இளையவள். ஆனால் பாடம் சொல்லும்போது தாட்சண்யம் பார்க்கமாட்டாள்.

"அக்கா, முதல் வேலை பிரதி எடுக்கிறது. மூலப்படத்திலை கை வைச்சீங்களெண்டால் உங்கடை கையை முறிப்பன்."

படத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு லேயர் போட்டு, அந்தக் கண்ணாடியில்தான் வேலை செய்யவேண்டும். பிழைத்தால் கண்ணாடியை எறியலாம், படம் தப்பும். பழுதான இடத்தை மூட, பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தை எடுத்துப் பொருத்தவேண்டும். சேலையின் கிழிசலுக்குச் சேலையிலிருந்தே எடுக்கவேண்டும், சுவரிலிருந்து எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். இது லவீனாவுக்கு உடனே பிடிபட்டது. அறுந்த வலையைப் பொத்துகிறவர்கள் அதே நூலில் அதே கண் அளவில்தான் பொத்துவார்கள். ஆனால் கைக்கு அது வர ஆறு வாரம் எடுத்தது. முதல் கிழமை ஒரு குழந்தையின் கன்னத்தில் இருந்த பூஞ்சணக் கறையைத் துடைக்கப்போய், கன்னத்தையே மெழுகாக்கினாள். இரண்டாம் கிழமை ஒரு மாப்பிள்ளைக்கு மூன்றாவது மூக்குத்துவாரம் வந்தது.

"நல்லாப் பெருப்பிச்சுப் பாருங்கோ," என்பாள் ஆரணி. "தோலிலை குறுணி குறுணியா இருக்கல்லோ? அதை அழிச்சால் ஆள் செத்துப்போம்."

மணப்பெண்களின் படங்கள் வரும்போது மட்டும் ஆரணி அந்தப் பாடத்தை மறந்துவிடுவாள். கறுத்த பிள்ளைகள் எல்லாம் வெள்ளையடித்த மதில் மாதிரி வெளியே போவார்கள். லவீனா ஒருமுறை ஏன் என்று கேட்டாள். "கேக்கிறாங்கள், செய்யிறம்," என்றாள் ஆரணி. லவீனாவும் கறுப்பு.

ஒருநாள் குருநகரிலிருந்து பெர்னடெட் என்ற பெண் கடலில் இறந்துபோன தன் தமையன் செபநாயகத்தின் படத்தைக் கொண்டுவந்தாள். உப்புத்தண்ணி பட்டுப் பாதி முகம் கரைந்திருந்தது. அன்று ஆரணி வரவில்லை. லவீனா போனில் இருந்த ஒரு செயலியில் படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அமத்தினாள். பத்து விநாடியில் முழு முகமும் வந்தது. பளிச்சென்ற கண்கள், வடிவான மூக்கு. தானே செய்ததுபோல் பெருமையோடு பிறின்ற் எடுத்துக் கொடுத்தாள்.

பெர்னடெட் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"வடிவாயிருக்கு," என்றாள். "ஆனா இது அண்ணை இல்லை. இது ஆரோ ஒரு பெடியன்."

லவீனாவுக்கு முகம் எரிந்தது. அந்தப் பிறின்ற்றைக் கிழித்தாள். ஒன்பது நாள் இருந்து, கரையாத பாதியை மட்டும் துப்புரவாக்கி, கரைந்த பாதியில் தெரிந்த அளவை மட்டும் மீட்டு, மீதியைக் கரைந்தபடியே விட்டுக் கொடுத்தாள். பெர்னடெட் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள். இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இருந்ததை எடுக்கக்கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் லவீனா அன்றைக்குப் படித்த பாடம் அது.

ஆரணி போகும்போது, திரை ஒரு பக்கம் சரிந்த தன் பழைய லப்ரொப்பை லவீனாவிடம் விட்டுப் போனாள். உள்ளறைக் கதிரை லவீனாவுக்கு வந்தது.

அடுத்த ஆவணி மாதம் கீர்த்திகன் வந்தான். நாற்பத்தைந்து வயது. ரொறன்ரோவிலிருந்து தாயின் செத்தவீட்டுக்கு வந்திருந்தான். தாய் பூரணம், உரும்பிராய். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். செத்தவரின் வாழ்க்கை வரலாறும் தேவாரமும் படங்களுமாக, அன்றைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கையில் கொடுக்கிற புத்தகம் அது. அதற்கு ஒரு குடும்பப் படம் வேண்டும். குடும்பமாக எடுத்ததில் மிஞ்சியது இந்த ஒன்றுதான் என்று சொல்லி, கடுதாசி உறை ஒன்றைக் கொடுத்தான்.

எண்பத்தாறாம் ஆண்டுப் படம். நிறம் எல்லாம் சிவந்துபோயிருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் எங்கோ நனைந்து காய்ந்து, மூலைகள் ஒட்டிக் கிழிந்திருந்தன. தகப்பன் முருகேசு விறைப்பாகக் கதிரையில். பக்கத்துக் கதிரையில் தாய் பூரணம். நடுவில் ஆறு வயதுக் கீர்த்திகன். தாய்க்குப் பின்னால் பாவாடை தாவணியில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். அவளுடைய முகத்தை மட்டும் தண்ணீர் பழுதாக்கவில்லை. யாரோ சவரம் செய்கிற பிளேட்டால் குறுக்கும் மறுக்குமாகச் சுரண்டியிருந்தார்கள்.

"வடிவாச் செய்து தாங்கோ தங்கச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீர்த்திகன் அவசரமாகப் போய்விட்டான்.

லவீனா நாலு நாள் அந்தப் படத்தோடு இருந்தாள். சிவப்பைத் தணித்ததும் பூரணத்தின் சேலை பச்சை என்று தெரியவந்தது. கறையைத் துளித்துளியாக எடுத்தபோது தாயின் தோளில் ஒரு கை வெளிப்பட்டது. பின்னால் நின்ற பிள்ளை தாயின் தோளில் கை வைத்திருந்தாள். தாய் தன் வலது கையைக் குறுக்கே உயர்த்தி, அந்தக் கையின்மேல் பொத்தி வைத்திருந்தாள். பெருவிரல் மறைய, பிள்ளையின் நாலு விரல் தாயின் உள்ளங்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தன. ஸ்ரூடியோப் படத்துக்கு அப்படி யாரும் இருக்கமாட்டார்கள். நாலு பேரும் அடித்து வைத்த ஆணிபோல் இருக்க, அந்த இரண்டு கைகள் மட்டும் உயிரோடு இருந்தன.

சுரண்டிய முகத்தைக் கடைசியாகத் தொட்டாள். பிளேட் போன கோடுகளுக்கு நடுவே நூல் நூலாக முகம் மிஞ்சியிருந்தது. இடது கண் முழுதாக இருந்தது. வலது கண்ணை மூன்று கீறல் கடந்திருந்தாலும் மீட்க முடிந்தது. கன்னம் வந்தது, மூக்கு வந்தது. வாய் மட்டும் இல்லை. அங்கே பிளேட் காகிதம் வரைக்கும் இறங்கியிருந்தது. லவீனா அதை அப்படியே விட்டாள்.

கீர்த்திகன் வந்து திரையைப் பார்த்தான். தாயைக் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா அப்ப எவ்வளவு இளமையா இருந்திருக்கிறா," என்றான். பிறகு பார்வை மேலே போனது. அந்தக் கண்களைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பினான்.

"இது தேவையில்லை தங்கச்சி. பின்னாலை நிக்கிறதை எடுத்துவிடுங்கோ."

நிற்கிறவ என்று சொல்லவில்லை. நிற்கிறது என்றான். மேசை கதிரையைச் சொல்வதுபோல. லவீனா அதைக் கவனித்தாள்.

"இது ஆர் அண்ணை?"

"என்ரை அக்கா. இப்ப எங்களுக்கு அப்பிடி ஒராள் இல்லை."

"செத்துட்டாவோ?"

"செத்திருந்தால் பரவாயில்லையே. தொண்ணூற்றிரண்டிலை குருநகரான் ஒருத்தனோடை போனது. கிறிஸ்துநாயகமோ என்னவோ பேர். மீன் பிடிக்கிறவன். அப்பா அண்டைக்கே தலை முழுகிட்டார்."

முன்மேசையில் நின்ற அருட்செல்வன் பலமாகச் செருமினார். லவீனாவின் ஊர் அவருக்குத் தெரியும். கீர்த்திகனுக்குத் தெரியாது.

லவீனா திரையைத் திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்துநாயகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் சுகமில்லாமல் இறந்துபோனவர். அவருடைய மனைவி கத்தரீனா அக்கா யாகப்பர் கோயிலடியில் இருக்கிறா. கருவாடு காயப்போட்டு, சந்தை நாட்களில் கொடிகாமம் கொண்டுபோய் விற்கிறவ. நாலு நாளாகக் கீறலுக்குக் கீறல் தேடி மீட்ட இந்தக் கண்களை, கோயிலில் ஞாயிறுக்கு ஞாயிறு பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வாய் இல்லாததால் ஆளைத் தெரியாமல் போயிற்று.

"அவவை எடுக்கேலாது அண்ணை."

"ஏலாதோ? என்ரை மகன் போனிலையே செய்வான்."

"ஏலும். அரை மணித்தியாலம் காணும். நான் செய்யமாட்டன் எண்டு சொல்லுறன்."

கீர்த்திகன் அருட்செல்வனைப் பார்த்தான். "என்ன அண்ணை உது?"

"தங்கச்சி," என்று மீண்டும் லவீனாவிடம் திரும்பினான். குரல் தாழ்ந்திருந்தது. "அப்பாவுக்கு எண்பத்திரண்டு. அம்மா போனதிலை இருந்து சாப்பாடும் இல்லை. புத்தகத்திலை அந்த முகத்தைக் கண்டால் மனுசன் தாங்காது. விளங்கிக்கொள்ளுங்கோ."

அவன் பொய் சொல்லவில்லை என்று லவீனாவுக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"உங்கடை அம்மான்ரை கையைப் பாருங்கோ அண்ணை. அவ பிடிச்சுக்கொண்டிருக்கிறா. அந்தப் பிள்ளையை எடுக்கிறதெண்டால் அந்தக் கையை நான் பிரிக்கவேணும். செத்துப்போன மனுசியின்ரை கையைப் பிரிக்க நான் ஆர்?"

அருட்செல்வன் அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"விசர்க்கதை கதையாதையும் லவீனா. உதுக்குத்தானே தொழில் பழகினனீர்?"

"பழுதானதைத் திருத்தத்தான் பழகினனான். அவ பழுதில்லை."

"அப்ப நாளைக்கு வரத் தேவையில்லை."

"நாளைக்கு ஏன்? இண்டைக்கே போறன்."

கைப்பையை எடுக்க முன்னர், தான் திருத்திய பிரதியை ஒரு பென்ட்ரைவில் ஏற்றினாள். அது சரியா பிழையா என்று யோசித்துப் பார்த்தாள். ஸ்ரூடியோவின் வேலை, இன்னொருவன் கொடுத்த படம். பிழைதான் என்று பட்டது. ஆனாலும் ஏற்றினாள்.

அன்று பின்னேரமே கத்தரீனா வீட்டுக்குப் போனாள். கத்தரீனா முற்றத்தில் சாக்கு விரித்துக் கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்தா. ஐம்பத்தாறு வயது. ஞானஸ்நானம் பெறமுன் அவவுக்கு றஜனி என்று பேர் என்பதை லவீனா அன்றுதான் கேட்டு அறிந்தாள்.

"அக்கா, உங்கடை அம்மா..."

"தெரியும் பிள்ளை." கத்தரீனா நிமிராமலே சொன்னா. "உரும்பிராயிலை இருந்து மரக்கறி கொண்டுவாற ஒருத்தர் கொடிகாமத்திலை வைச்சுச் சொன்னவர். உடனே போனன். கேற்றடியிலை தம்பி மறிச்சுப்போட்டான். 'அப்பா விழுந்துபோவார், போங்கோ' எண்டான். போங்கோ எண்டு மரியாதையாத்தான் சொன்னான். சந்தியிலை நிண்டு பாத்தன். பாடைக்குள்ளை அம்மான்ரை முகம் தெரியேல்லை."

லவீனா சரிந்த லப்ரொப்பைக் கதிரையில் வைத்துச் சாய்மானம் கொடுத்துத் திறந்தாள்.

கத்தரீனா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குந்தினா. தன் முகத்தை அவ பார்க்கவில்லை. நேரே கைகளுக்குத்தான் போனா.

"படம் எடுக்கிறவன் அண்டைக்குச் சொன்னவன்," என்றா பிறகு. "'கையைக் கீழை விடுங்கோ அம்மா, சேலைக் கரை மறையுது' எண்டு. அப்பாவும் உறுக்கினவர். அம்மா விடேல்லை. 'இப்பிடியே எடும்' எண்டா. அவ அப்பாவுக்கு முன்னாலை எதிர்த்துக் கதைச்சதை நான் கண்டது அந்த ஒருநாள்தான்."

பிறகுதான் தன் முகத்தைப் பார்த்தா. வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம் தெரிந்தது.

"இதை ஏன் விட்டனீ?"

"எனக்குத் தெரியாதே அக்கா. தெரியாததை நான் போடக்கூடாது."

"நான்தான் முன்னாலை இருக்கிறனே. பாத்துப் போடு."

அடுத்த மூன்று பின்னேரமும் கத்தரீனா அவளுக்கு முன்னால் இருந்தா. லவீனா போனில் அவவின் வாயைப் பல கோணத்தில் படம் எடுத்து, வயது இழுத்துவிட்ட கோடுகளைத் தள்ளி வைத்து, உதட்டின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாள். முதலில் வந்தது நல்ல புன்சிரிப்பு.

"சீ, அழி அதை," என்றா கத்தரீனா. "நான் அண்டைக்குச் சிரிக்கேல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டனான். பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போட்டினம் எண்டு கோவம்."

லவீனா அழித்தாள். மூடிய வாய், கீழுதடு கொஞ்சம் முன்தள்ளி. மூன்றாம் நாள் அது பொருந்தியபோது கத்தரீனா முகத்தை முன்னே கொண்டுவந்து உற்றுப் பார்த்தா.

"ஓம். இது நான்தான்."

பிறகு கேட்டா: "முப்பத்தோராம் நாள் எப்ப?"

"புதன்கிழமை."

"இதைப் பெரிசா அடிச்சுத் தா. கண்ணாடி போடவேணும்."

லவீனாவின் மனதில் இருந்த உறுத்தல் வெளியே வந்தது. "இது அவை தந்த படம் அக்கா. நான் கேளாமல் எடுத்துக்கொண்டு வந்தனான்."

"அதிலை நிக்கிறது ஆர்?"

"நீங்கள்தான்."

"என்ரை முகத்தை நான் கொண்டுபோக ஆரைக் கேக்கவேணும்? நீயும் வா புதன்கிழமை."

"என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லையே."

"என்னையும்தான் ஒருத்தரும் கூப்பிடேல்லை," என்று சொல்லிவிட்டுக் கத்தரீனா கருவாட்டைக் கூட்டி அள்ளப் போனா.

புதன்கிழமை அவர்கள் போனபோது, விடியக் கீரிமலைத் தீர்த்தத்தில் காரியம் செய்யப் போனவர்கள் திரும்பி வந்து, வீட்டுக் கிருத்தியமும் முடிந்திருந்தது. பந்தலுக்குள் எண்பது தொண்ணூறு பேர். லவீனா வெள்ளைச் சேலை உடுத்து, துணி சுற்றிய படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பயம் இல்லை என்று சொல்லமுடியாது. நண்டுச் சதை எடுத்த விரல்கள் சட்டத்தின் விளிம்பில் வியர்த்தன. கேற்றடியில் கத்தரீனா ஒரு கணமும் நிற்கவில்லை. சொந்த வீட்டுக்கு வருகிறவள் எப்படி வருவாளோ அப்படிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனா.

உள்ளே ஏற்கனவே ஒரு சலசலப்பு. கல்வெட்டைக் கொடுத்து முடித்திருந்தார்கள். முருகேசுவின் தங்கை சின்னாச்சி, எழுபத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு புத்தகத்தின் நடுப்பக்கத்தை விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தா.

"கீர்த்தி, இஞ்சை வாடா. உன்ரை கொம்மாவுக்கு ஒரு கையிலை ஒன்பது விரலே?"

நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் புத்தகத்தை விரித்தார்கள். லவீனாவுக்கு நடந்தது உடனே விளங்கியது. அச்சகத்துக்குக் கொடுக்கிற அவசரத்தில், அருட்செல்வன் ஆளை நீக்கும் பொத்தானை அமத்திவிட்டு அனுப்பியிருக்கிறார். பிள்ளை போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் திரைச்சீலை வந்துவிட்டது. ஆனால் தாயின் உள்ளங்கைக்குக் கீழே எட்டிப் பார்த்த நாலு விரலும் அங்கேயே நின்றன. பூரணத்தின் ஒரு கையில் ஒன்பது விரல்.

கீர்த்திகன் புத்தகத்தைப் பார்த்து வெளிறினான். நிமிர்ந்தபோது எதிரே தமக்கை நின்றா.

கத்தரீனா யாரையும் பார்க்கவில்லை. லவீனாவிடமிருந்து படத்தை வாங்கித் துணியை உரிந்தா. மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்த தாயின் படத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்தா. கீர்த்திகன் வந்து அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். கத்தரீனா மீண்டும் முன்பக்கம் திருப்பினா. அவன் மறுபடியும் திருப்பினான். அவ மறுபடியும் திருப்பினா. மூன்றாம் முறை அவனுடைய கை சட்டத்தில் பட்டு, அங்கேயே நின்றுவிட்டது. அவன் தாயின் பச்சைச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடடா," என்றா சின்னாச்சி. புத்தகத்தைக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் பிடித்தா. "அஞ்சு பூரணத்தின்ரை. நாலு மூத்தவளின்ரை. இப்ப கணக்குச் சரி."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அடங்கினார்கள். சாய்மனைக் கதிரையிலிருந்து முருகேசு எழுந்து வந்துகொண்டிருந்தார்.

மகளை அவர் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் குனிந்து, அந்த முகத்தை ஆராய்ந்தார். கீறல் எங்கே போனது என்று தேடுவதுபோல இருந்தது.

"ஆர் உதைத் திருத்தினது?"

"நான் ஐயா," என்றாள் லவீனா.

"ஆற்றை பிள்ளை நீ? எந்த ஊர்?"

"குருநகர். பேர் லவீனா."

கூட்டம் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. அவள் குனியவில்லை.

"நான் பிளேட்டாலை வடிவாச் சுரண்டினனான்," என்றார் முருகேசு. ஒளிக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை.

"ஓம் ஐயா. ஆழமாத்தான் சுரண்டியிருந்தது. எனக்கு ஒரு கிழமை எடுத்தது."

கிழவரின் தாடை அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கத்தரீனாவின் முகம் ஒரு கணம் ஆடியது. அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றா. பிறகு லவீனாவின் மணிக்கட்டைப் பிடித்து, பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போய், வாழையிலை போட்டிருந்த வரிசையின் நடுவில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தா.

வரிசையில் மூன்று பேர் எழுந்தார்கள். ஒருவர் தொண்டையைக் காறிக்கொண்டு வெளியே போனார். மற்ற இருவரும் போய்ப் பந்தல் காலடியில் நின்றார்கள். மீதிப்பேர் இருந்தார்கள். சோறு பரிமாறிக்கொண்டு வந்த உறவுக்காரப் பெண் பிரசாந்தி லவீனாவின் இலைக்கு முன்னால் வந்ததும் அகப்பையோடு தயங்கினாள். கீர்த்திகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கை என்ன பாக்கிறாய்?" என்றா கத்தரீனா. "இது என்ரை அம்மான்ரை சோறு. போடு. அவளுக்கும் போடு."

பிரசாந்தி போட்டாள். பருப்பு வந்தது, கத்தரிக்காய்ப் பால்கறி வந்தது, வடை வந்தது. லவீனா சோற்றில் கை வைத்தாள். நூறு கண் முதுகில் குத்தியது. பக்கத்தில் பார்த்தாள். கத்தரீனா முதுகு நிமிர்த்தி, சோற்றைப் பிசைந்து, ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. முப்பத்துமூன்று வருடம் சாப்பிடாமல் விட்டதை ஒரே இருப்பில் சாப்பிடுகிறமாதிரி. கண்ணீர் கன்னத்தால் வழிந்து இலையில் விழுந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, சாப்பாட்டை நிறுத்தவும் இல்லை. சின்னாச்சி தன் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்து, எழுந்துபோன ஒருவரின் இலைக்கு முன்னால் இருந்தா.

"பாயாசம் இன்னும் கொஞ்சம்," என்றா கத்தரீனா. பிரசாந்தி கேட்டவுடன் ஊற்றினாள்.

போகும்போது கீர்த்திகன் கேற்றடிக்கு வந்தான். படத்தைக் கொண்டுபோகச் சொல்லப்போகிறான் என்று லவீனா நினைத்தாள்.

"எனக்கு இதை மெயிலிலை அனுப்புவீங்களோ?" என்றான், தமக்கையைப் பார்க்காமல், லவீனாவிடம். "அங்கை பிள்ளையளுக்குக் காட்டவேணும்."

"அக்காவைக் கேளுங்கோ," என்றாள் லவீனா. "அவவின்ரை படம்."

அவன் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்க அவனால் முடியவில்லை. கத்தரீனாவும் அவன் கேட்பான் என்று காத்து நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டா. சட்டம் போட்ட படம் அந்த வீட்டில் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐப்பசியில் ஒருநாள் சின்னாச்சி கொடிகாமம் சந்தைக்கு வந்து, கருவாடு வாங்குகிற சாட்டில் அரை மணித்தியாலம் கத்தரீனாவோடு கதைத்துவிட்டுப் போனா என்று மட்டும் கேள்வி. சைவக்காரி, அவ வீட்டில் கருவாடு யார் சாப்பிட்டதோ.

லவீனா இரண்டு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்தாள். ஊருக்குள் இருந்த உப்புப்பட்ட படம், கறையான் தின்ற படம் எல்லாம் அவளிடம் வந்தன. ஒருநாள் மத்தியானம் அருட்செல்வன் போன் எடுத்தார். ஒன்பது விரல் கதை உரும்பிராயிலிருந்து நகரம் முழுக்கப் பரவி, கல்வெட்டுக்குப் படம் கொண்டுவருகிறவர்கள் முதலில் விரலை எண்ணிப் பார்க்கிறார்களாம்.

"திரும்பி வாரும் லவீனா."

"வாறன் அண்ணை. ஆனா ஆளை அழிக்கமாட்டன்."

"சரி."

"கறுத்த பிள்ளையளை வெள்ளையாக்கவும் மாட்டன்."

"அப்ப என்னதான் செய்வீர்?"

"மிச்சம் எல்லாம் செய்வன்."

அவர் போனை வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து மறுபடியும் எடுத்தார். திங்கட்கிழமை வாரும் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை எட்டரைக்கு லவீனா போனாள். உள்ளறைக் கதிரையின் உயரத்தை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். குனிந்து அதைத் தன் அளவுக்கு ஏற்றி, திருகை இறுக்கிவிட்டு, உட்கார்ந்தாள்.